மெகாபிக்சலைப் பார்த்து ஏமாறாதீங்க... சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கும் முன் கவனிக்க வேண்டியது என்ன?

வீட்டு பீரோவில் பழைய துணிக்கு அடியில் கிடந்த டிஜிட்டல் கேமராவுக்கு திடீர் மவுசு வந்திருக்கிறது. இன்ஸ்டாகிராமில் 'டிஜிகேம்' என்று தேடினாலே போதும். முகத்தில் பளீரென ஃபிளாஷ் அடித்த, ஓரத்தில் ஆரஞ்சு கலரில் தேதி போட்ட படங்களாக வந்து விழும். 2007-ல் நம்ம வீட்டு கல்யாண ஆல்பத்தில் பார்த்த அதே லுக்.

அந்த லுக்குக்காக பழைய கேமரா தேடுகிறவர்கள் ஒரு பக்கம். 'எதுக்கெடுத்தாலும் மொபைலா, தனியா ஒரு கேமரா இருக்கட்டுமே' என்று புதுசு தேடுகிறவர்கள் இன்னொரு பக்கம். இந்த இரண்டு கூட்டத்தையும் குறிவைத்து ஆன்லைனில் மூணாவதாக ஒரு சரக்கும் ஓடுகிறது: '48 மெகாபிக்சல், 4கே வீடியோ, 16 மடங்கு ஜூம்' என்று கொட்டை எழுத்தில் போட்டு, சில ஆயிரம் ரூபாய்க்கு விற்கப்படும் பெயர் தெரியாத கேமராக்கள். பணம் அதிகமாக வீணாவது இந்த மூணாவது வகையில்தான்.

அப்போ எதைப் பார்த்து வாங்குவது? யூடியூப் ரிவ்யூக்கள் ஏராளமாக இருக்கு. ஆனால் அதில் பெரும்பாலானவை குளிர்ந்த ஊர்களில், ஏசி அறையில் உட்கார்ந்து சொன்னவை. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருப்பவருக்கு நிலைமை வேற. கலெக்டர் ஆபீஸ் பக்கத்திலிருந்து வண்டியை எடுத்தால் சில நிமிஷத்தில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச். பஸ் ஏறினால் சிதம்பரம், அங்கிருந்து பிச்சாவரம். கண்ணைக் கூசும் வெயில், உப்புக்காத்து, மணல், வேர்வைக் கை, புயல் அடித்தால் கரண்ட் கட். ஒரு கேமராவோட டிசைன் நல்லதா கெட்டதா என்பது இங்கேதான் தெரியும். அதனால் இந்தக் கட்டுரையில் நம்ம ஊர் கணக்கிலேயே பார்ப்போம்.

மொபைல் வந்ததும் என்ன ஆச்சு?

சின்னதாக ஒரு பின்னணி. உலகின் முதல் டிஜிட்டல் கேமராவை 1975-ல் கோடாக் நிறுவன இன்ஜினியர் ஸ்டீவன் சாசன் உருவாக்கினார். எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 விநாடி ஆகும். அங்கிருந்து சட்டைப்பைக்குள் போகும் அளவுக்கு கேமரா சுருங்க கால் நூற்றாண்டு ஆனது. 2010-ல் ஜப்பானின் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கமான சிப்பாவின் கணக்குப்படி, லென்ஸ் உடம்போடு சேர்ந்த டிஜிட்டல் கேமராக்கள் மட்டும் 10 கோடிக்கு மேல் சந்தைக்குப் போயின. 2023-ல் அதே எண்ணிக்கை 20 லட்சத்துக்கும் கீழே. காரணத்தைச் சொல்லவே வேண்டாம், இதைப் படித்துக்கொண்டிருக்கும் உங்க கையிலேயே அது இருக்கு.

விஷயம் என்னன்னா, தேவை மறுபடி கூடியிருக்கிறது என்பதை கம்பெனிகளே ஒப்புக்கொண்டுவிட்டன. 2016-ல் வந்த ஒரு சின்ன கேமரா மாடலை கேனான் 2025-ல் லேசாக மாற்றி மறுபடி வெளியிட்டது. ஒன்பது வருஷப் பழைய டிசைனை புதுசு என்று விற்கும் அளவுக்கு மார்க்கெட் இருக்கு.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கேமரா

பொதுவாகப் பேசினால் குழப்பம்தான். அதனால் பழைய கேமரா சந்தையில் புழங்கும் ஒரு மாடலை எடுத்துக்கொள்வோம்: 2007-ல் வந்த கேனான் பவர்ஷாட் ஏ570 ஐஎஸ். 7.1 மெகாபிக்சல், 4 மடங்கு ஜூம், கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் வசதி, பின்னால் 2.5 இன்ச் ஸ்கிரீன், அதற்கு மேலே கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன வ்யூஃபைண்டர். சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற சைஸில் இரண்டு டபுள் ஏ செல். அந்தக் காலத்தில் இது ஆடம்பர மாடல் எல்லாம் கிடையாது, நடுத்தரக் குடும்பத்துக்கான கேமரா.

கையில் வாங்கிப் பார்த்தால் முதலில் தெரிவது பிடி. வலது பக்கம் செல் இருக்கும் இடம் புடைத்துக்கொண்டு இருப்பதால் விரல் நன்றாகப் பதியும். இதே கேனானின் இக்ஸஸ் வரிசை மெல்லிசாக, அழகாக இருக்கும். ஆனால் வேர்த்த கைக்கு சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும். போட்டோவில் அழகாகத் தெரியும் கேமராவும், போட்டோ எடுக்க வசதியான கேமராவும் எப்போதும் ஒன்றாக இருக்கணும்னு அவசியம் இல்லை. இக்ஸஸ் மாதிரி வாங்கினால் மணிக்கட்டில் மாட்டும் கயிறையும் சேர்த்து வாங்கிடுங்க. பிச்சாவரத்தில் படகிலிருந்து நழுவினால் தேடி எடுக்க முடியாது.

லென்ஸைச் சுத்தி எழுதியிருக்கும் எண் என்ன சொல்லுது?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனசில் வைத்துக்கொள்வதாக இருந்தால் இதை வைத்துக்கொள்ளுங்க. கேமராவின் முன்பக்கம், லென்ஸைச் சுத்தி பொடி எழுத்தில் சில எண்கள் இருக்கும். ஏ570-ல் '5.8-23.2 மி.மீ, 1:2.6-5.5' என்று இருக்கும்.

முதல் ஜோடி ஜூம். பெரிய எண்ணை சின்ன எண்ணால் வகுங்க. 23.2-ஐ 5.8-ஆல் வகுத்தால் 4. இதுதான் உண்மையான 4 மடங்கு ஜூம். லென்ஸ் கண்ணாடிகள் நகர்ந்து தூரத்தில் இருப்பதைக் கிட்டே கொண்டுவரும். அதற்குப் பேர் ஆப்டிகல் ஜூம்.

பெட்டியில் '16 மடங்கு ஜூம்' என்று போட்டிருக்கும் கேமராவின் லென்ஸில் ஒரே ஒரு எண் மட்டும் இருந்தால்? ஆன் செய்தாலும் லென்ஸ் வெளியே வராமல், ஜூம் பட்டனை அழுத்தினாலும் உள்ளே எதுவும் அசையாமல் இருந்தால்? அது டிஜிட்டல் ஜூம். படத்தின் நடுப்பகுதியை வெட்டி, ஊதிப் பெரிசாக்குவது. அதை உங்க மொபைலிலேயே இரண்டு விரலால் செய்யலாம், அதுக்கு தனியா காசு கொடுக்க வேண்டியதில்லை. சில மாடல்களில் லென்ஸ் முழுக்க உடம்புக்குள்ளேயே நகரும் என்பதும் உண்மை. ஆனால் அவற்றிலும் லென்ஸ் மேல் இரண்டு எண் இருக்கும்.

இதில் இன்னொரு சூட்சுமமும் உண்டு. '5 மடங்கு ஜூம்' என்றால் '4 மடங்கு ஜூம்' கேமராவை விட தூரம் பார்க்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. ஜூம் மடங்கு என்பது எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்ற விகிதம்தான். பழைய 35 மி.மீ பிலிம் கேமரா கணக்கில் சொன்னால், ஏ570 ஆரம்பிப்பது 35-ல், முடிவது 140-ல். 24-ல் ஆரம்பிக்கும் 5 மடங்கு ஜூம் 120-லேயே நின்றுவிடும். ஆனால் 24-ல் ஆரம்பிப்பதற்கு வேறொரு லாபம் இருக்கு. சின்ன ஹாலில் சொந்தக்காரங்க எல்லாரையும் ஒரே படத்தில் அடக்கலாம். 35-ல் அது கஷ்டம், பின்னாடி போய்ப் போய் சுவரில் முட்டிக்கொள்வீர்கள்.

பிச்சாவரத்துக்கு இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சுரபுன்னைக் காட்டுக்குள் படகு போகும்போது கிளையில் கொக்கு உட்கார்ந்திருக்கும். கிட்டே போனால் பறந்துடும். 140 என்பது அதுக்குப் போதாது. பறவை படத்தில் வெள்ளைப் புள்ளியாகத்தான் வரும். குறைந்தது 300 வரைக்கும் போகும் லென்ஸ் வேணும். முன்னால் சொன்ன 2016 மாடலின் லென்ஸ், 25-லிருந்து 300 வரை போகும் 12 மடங்கு ஜூம் கொண்டது. சட்டைப்பை சைஸில் அது பெரிய விஷயம். நடுத்தர விலை மொபைல்கள் இன்றும் கோட்டை விடும் இடம் இதுதான்.

லென்ஸ் மேல் இருக்கும் இரண்டாவது ஜோடி, அதாவது 1:2.6-5.5, வெளிச்சத்துக்கானது. எண் சின்னதாக இருந்தால் லென்ஸ் அதிக வெளிச்சத்தை உள்ளே விடும். முதல் எண் ஜூம் செய்யாதபோது, இரண்டாவது முழு ஜூமில். 2.6 நன்றாகவே இருக்கு. ஆனால் முழு ஜூமில் 5.5 ஆகும்போது உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஜூம் போட்டு எடுத்த படம் எல்லாம் கலங்கலாக வருவதற்கு இதுதான் காரணம், உங்க கை இல்லை.

அப்போ மெகாபிக்சல்?

ஏ570-ன் 7.1 மெகாபிக்சல் என்பது 3072-க்கு 2304 புள்ளி. ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி என்ற நல்ல தரத்தில் பிரிண்ட் போட்டால் சுமார் 10-க்கு 7½ இன்ச் படம் வரும். கல்யாண ஆல்பத்தில் ஒட்ட இது தாராளம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது இதைவிடச் சின்னதாக்கித்தான் அனுப்பும். ஆக, மெகாபிக்சல் பற்றாக்குறை என்பது நம்மில் பெரும்பாலானவர்களுக்கு இல்லவே இல்லை.

பார்க்க வேண்டியது சென்சார் சைஸ். மழைத்தண்ணி பிடிக்க வாசலில் வைக்கும் பாத்திரம் மாதிரி. தம்ளர் வைத்தால் கொஞ்சம், அண்டா வைத்தால் நிறைய. ஏ570-ன் சென்சார் சுமார் 5.8-க்கு 4.3 மில்லிமீட்டர், சின்ன விரல் நகத்தைவிடச் சின்னது. '1 இன்ச் சென்சார்' என்று விற்கும் கேமராக்களில் அது 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். பரப்பளவில் நாலரை மடங்குக்கும் மேல்.

'13 மில்லிமீட்டர் எப்படி 1 இன்ச் ஆகும்?' என்று கேட்பவர்களுக்கு: ஆகாது. பழைய டிவி கேமராக் குழாய்களின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. குழாய் போய்விட்டது, பேர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 'புகைப்படம்' என்ற சொல்லில் புகை எங்கே இருக்கு என்று தமிழாசிரியர்கள் கேட்பார்களே, அந்தக் கதைதான்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளணும். இன்றைய நடுத்தர மொபைல்கள் பலவற்றின் மெயின் சென்சாரே ஏ570-ன் சென்சாரை விடப் பெரிசு. போதாக்குறைக்கு, மொபைல் ஒரே கிளிக்கில் பல படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்து மெருகேற்றித் தருகிறது. அதனால் ராத்திரியில், ஃபிளாஷ் இல்லாமல், அசையாத ஒன்றை எடுக்க வேண்டுமென்றால் பழைய டிஜிட்டல் கேமரா மொபைலிடம் தோற்கும். 'கேமரான்னா கேமராதான்' என்று யார் சொன்னாலும் சரி.

'சிசிடி கலர்' உண்மையா?

பழைய கேமராக்களில் இருப்பது சிசிடி சென்சார், இப்போதைய மொபைல்களில் சிமோஸ் சென்சார். சிசிடியில்தான் அந்த மாயக் கலர் வரும் என்று விற்பவர்கள் விலையை ஏற்றுகிறார்கள். பாதிதான் உண்மை. அந்த லுக்குக்குப் பல காரணம் உண்டு: முகத்துக்கு நேராக அடிக்கும் ஃபிளாஷ், சின்ன லென்ஸ், படத்தை அதிகம் மெருகேற்றத் தெரியாத அந்தக் காலத்து சாப்ட்வேர், ஒவ்வொரு கம்பெனியும் கலரை அமைத்த விதம். சிசிடி என்ற மூணு எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீங்க.

அந்த மூணு எழுத்துக்குப் பின்னால் கடலோர மக்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கதையும் இருக்கு. சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்களில் கோளாறு என்று 2005 அக்டோபரில் தெரியவந்தது. அந்த சென்சாரை வாங்கிப் பயன்படுத்திய கேனான், நிகான், ஃபூஜிஃபிலிம் போன்ற கம்பெனிகளும் அடுத்தடுத்து அறிவிப்பு வெளியிட்டு, இலவசமாகச் சரிசெய்து தருவதாகச் சொன்னன. கோளாறு என்ன தெரியுமா? ஸ்கிரீனில் படம் வராது, அல்லது நெளிந்து, கலர் கெட்டு வரும். வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள இடங்களில் இது வரும் வாய்ப்பு அதிகம் என்று அந்த அறிவிப்புகளே சொல்லின. அப்படிப் பார்த்தால் கடலூரும் அந்த 'இடங்களில்' ஒன்று.

2007 ஏ570 இதில் வராது. ஆனால் 2002 முதல் 2004 வரை வந்த மாடல்களை இன்று வாங்கும்போது உஷார். அந்தக் கால இலவச ரிப்பேரை இப்போது நம்பி இறங்க முடியாது. ஸ்கிரீனில் ஊதாக் கலரில் கோடு கோடாகத் தெரிந்தால் பேரமே பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வாங்க.

ஃபிளாஷ்: மொபைலுக்கு இல்லாத ஆயுதம்

டிஜிகேம் மோகத்தின் உயிர் இங்கேதான் இருக்கு. பழைய சின்ன கேமராக்களில் இருப்பது செனான் ஃபிளாஷ். மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, ஒரு கண்ணாடிக் குழாய் வழியாக ஒரே வெட்டாக வெளியேற்றும், மின்னல் மாதிரி. அந்த வெளிச்சம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் நிற்கும். அதனால் ஆடிக்கொண்டிருப்பவர்கள், ஓடும் குழந்தை, தெறிக்கும் தண்ணி எல்லாம் உறைந்த மாதிரி வரும். மொபைலில் இருப்பது எல்இடி. அது டார்ச் லைட். கொஞ்ச நேரம் எரியும், அவ்வளவு பளிச்சும் இல்லை. அதனால்தான் 'மொபைல்ல ஃபிளாஷ் போட்டா நல்லாவே வராது' என்ற பேச்சு.

ஆன்லைனில் விற்கும் மலிவு கேமராக்கள் பலவற்றில் இருப்பதும் எல்இடிதான். விளம்பரப் படத்தில் ஃபிளாஷ் இருக்கும் இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்க. மஞ்சள் பொட்டு மாதிரி தெரிந்தால் எல்இடி. அகலமான கண்ணாடிப் பட்டை மாதிரி இருந்தால் செனான். மேலே சொன்ன லுக் உங்களுக்கு வேணும்னா எல்இடி வைத்த கேமரா எத்தனை மெகாபிக்சலாக இருந்தாலும் அது வராது.

ஆனால் ஃபிளாஷுக்கும் எல்லை உண்டு. ஏ570 மாதிரி கேமராவில் வெளிச்சம் சுமார் மூணு மீட்டர் வரைதான் எட்டும். 1981-லிருந்து மகா சிவராத்திரியையொட்டி சிதம்பரத்தில் நடக்கும் நாட்டியாஞ்சலியை எடுத்துக்கொள்ளுங்க. பத்தாவது வரிசையில் உட்கார்ந்து ஃபிளாஷ் அடித்தால் ஆடுபவர் மேல் ஒரு துளி வெளிச்சமும் விழாது. முன் வரிசைக்காரரின் தலை மட்டும் வெள்ளையாக வரும், ஆடுபவருக்கும் தொந்தரவு. மேடை நிகழ்ச்சிக்கு ஃபிளாஷை நிறுத்திடணும். நடராஜர் கோயிலில் சந்நிதிப் பக்கம் கேமராவை வெளியே எடுக்கவே கூடாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

மேடையை எடுக்க எது வேணும்? பெரிய சென்சாரும், ஜூமிலும் வெளிச்சம் குறையாத லென்ஸும். 2019-ல் வந்த கேனான் ஜி7 எக்ஸ் மார்க் 3-ஐ ஒப்பிடுவோம். 1 இன்ச் சென்சார், லென்ஸ் 24-லிருந்து 100, வெளிச்ச எண் 1.8-லிருந்து 2.8. முழு ஜூமில் 5.5-க்கு பதில் 2.8 என்றால் உள்ளே வரும் வெளிச்சம் கிட்டத்தட்ட நாலு மடங்கு. சென்சார் பரப்பு நாலரை மடங்கு. அந்த வித்தியாசத்தை அபிநயம் பிடிக்கும் விரல்களில் பார்க்கலாம். வித்தியாசம் விலையிலும் இருக்கு, புதுசு அரை லட்சத்தைத் தாண்டும்.

சில்வர் பீச்சில் ஸ்கிரீன் தெரியுமா?

பகல் பதினோரு மணி வெயிலில் பீச்சில் நின்று எந்த ஸ்கிரீனைப் பார்த்தாலும் உங்க முகம்தான் கண்ணாடி மாதிரி தெரியும். ஏ570-ல் இருக்கும் சின்ன வ்யூஃபைண்டரின் மதிப்பு அப்போது புரியும். கண்ணை வைத்துப் பார்த்து அழுத்த வேண்டியதுதான். அது முழுப் படத்தையும் காட்டாது, ஓரங்கள் கொஞ்சம் விட்டுப்போகும்; கிட்டத்தில் எடுத்தால் குறி கொஞ்சம் தள்ளிப்போகும். இருந்தாலும் ஒன்றும் தெரியாமல் எடுப்பதற்கு இது மேல்.

வேடிக்கை என்னன்னா, அரை லட்சத்துக்கு மேல் கொடுக்கும் ஜி7 எக்ஸ் மார்க் 3-ல் வ்யூஃபைண்டர் கிடையாது. வ்லாக் எடுப்பவர்களுக்காக அதன் ஸ்கிரீன் முன்பக்கம் பார்க்கத் திரும்பும். வீட்டுக்குள் செல்ஃபி வீடியோ எடுப்பவருக்கு அது சரி. மீன்பிடிப் படகுகளை வெயிலில் எடுப்பவருக்கு பாதி விலையில் வேறு மாடல் பொருத்தமாக இருக்கலாம்.

பீச்சில் இன்னொரு எதிரி மணல். ஆன் செய்ததும் லென்ஸ் குழாய் மாதிரி வெளியே நீளும் கேமராவில், குழாய்களுக்கு இடையில் மயிரிழை இடைவெளி இருக்கும். அதில் இரண்டு மணல் மாட்டினால் போதும். லென்ஸ் பாதியில் நின்று, 'லென்ஸ் எரர்' என்று காட்டி அணைந்துவிடும். பழைய கேனான்களில் இதையே 'இ18' என்று காட்டும். இந்தக் கேமராக்களை ரிப்பேர் செய்யும் செலவுக்கு இன்னொரு பழைய கேமராவே வாங்கிடலாம். மணலில் கேமராவைக் கீழே வைக்காதீங்க, காற்று பலமாக அடிக்கும்போது லென்ஸை நீட்டியபடி நடக்காதீங்க.

செல், சார்ஜர், கார்டு

2011 டிசம்பர் 30-ம் தேதி தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையில் கரையைக் கடந்ததையும், அதற்குப் பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்ததையும் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை. சார்ஜ் போட வழியில்லாதபோது, பெட்டிக்கடையில் வாங்கிப் போடக்கூடிய டபுள் ஏ செல்லில் ஓடும் கேமரா ஒரு வரம். உடைந்த கூரை, சாய்ந்த முந்திரி மரம், செத்த மாடு என்று சேதத்தைப் பதிவு செய்ய கேமரா தேவைப்படுவதே அப்படிப்பட்ட நாட்களில்தானே.

கடையில் கேட்கும்போது அல்கலைன் செல் என்று கேளுங்க. கடிகாரத்துக்கான சாதா செல் போட்டால் கேமரா ஆன் ஆகி, லென்ஸ் நீளும்போதே அணைந்துவிடும். கேமரா கெட்டுப்போச்சு என்று பயந்துடாதீங்க, செல்லுக்குத் தெம்பு பத்தவில்லை. தினசரி பயன்பாட்டுக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் நாலு வாங்கி வைத்தால், அல்கலைனைவிட பல மடங்கு அதிகப் படம் எடுக்கலாம்.

தனி பேட்டரி போடும் மாடல் என்றால், அந்த பேட்டரி இன்றும் கிடைக்கிறதா என்று முதலில் தேடிப் பாருங்க, கேமராவை அப்புறம் வாங்கலாம். உப்பியிருக்கும் பேட்டரியை எக்காரணம் கொண்டும் சார்ஜ் போடாதீங்க.

மெமரி கார்டு இன்னொரு பொறி. சில பழைய ஒலிம்பஸ், ஃபூஜி மாடல்கள் எக்ஸ்டி கார்டு கேட்கும், பழைய சோனி மெமரி ஸ்டிக் கேட்கும். இரண்டும் வழக்கொழிந்தவை; கேமரா விலைக்குக் கார்டு தேட வேண்டியிருக்கும். எஸ்டி கார்டு போடும் கேமராவிலும் சிக்கல் உண்டு. 2 ஜிபி-க்கு மேலான எஸ்டிஎச்சி கார்டுகள் 2006-ல்தான் வந்தன. அதற்கு முந்தைய கேமராவில் 32 ஜிபி கார்டைச் சொருகினால் 'கார்டு எரர்' என்றுதான் வரும். ஏ570 எஸ்டிஎச்சி-யை ஏற்கும். ஒரு படம் சுமார் 3 எம்பி என்று வைத்தால் 2 ஜிபி-யிலேயே 600 படத்துக்கு மேல் பிடிக்கும். பெரிய கார்டுக்கு அவசியமே இல்லை.

வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டிய டெஸ்ட்

செகண்ட் ஹேண்ட் என்றால் நேரில் போய்ப் பாருங்க. கையோடு இரண்டு புது அல்கலைன் செல், ஒரு 2 ஜிபி கார்டு, மொபைல் டார்ச். இவ்வளவுதான் தேவை.

முதலில் செல் போடும் மூடியைத் திறங்க. உள்ளே கம்பிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் செல் ஒழுகியிருக்கு. மூடியின் கொக்கி சின்ன பிளாஸ்டிக், அது உடைந்திருந்தால் ரப்பர் பேண்ட் போட்டு காலம் தள்ள வேண்டிவரும். பிறகு ஆன் செய்து, ஜூமை முழுசாக உள்ளேயும் வெளியேயும் அஞ்சு தடவை ஓட்டுங்க. சத்தம் சீராக இருக்கணும், கரகரவென்று மணல் அரைக்கும் சத்தம் வரக்கூடாது.

அடுத்து, லென்ஸுக்குள் டார்ச் அடித்து சாய்வாகப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் அது பூஞ்சை. கடலோர ஊரில் பல வருஷம் பீரோவில் கிடந்த கேமராவில் இது ரொம்ப சகஜம். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து, ஸ்கிரீனில் பெரிதாக்கி கரும்புள்ளி இருக்கா என்று பாருங்க. லென்ஸைக் கையால் மூடி ஒரு படம் எடுத்து, கருப்பில் நட்சத்திரம் மாதிரி கலர் புள்ளிகள் தெரிகிறதா என்றும் பாருங்க. இரண்டு மூணு இருந்தால் பரவாயில்லை, சிதறிக் கிடந்தால் வேண்டாம்.

ஃபிளாஷ் அடித்துப் பாருங்க. தேதியை செட் செய்து, செல்லைக் கழற்றி மாட்டுங்க. உடனே தேதி அழிந்துபோனால் உள்ளே இருக்கும் சின்ன பட்டன் செல் தீர்ந்துவிட்டது. அதை மாற்றுவது சுலபமா என்று அந்த மாடலுக்குத் தேடிப் பாருங்க. மாற்றாவிட்டால் ஆரஞ்சு தேதிக்காக வாங்கிய கேமரா ஒவ்வொரு தடவையும் தப்பான வருஷத்தைப் போடும்.

படம் எடுக்கும்போது ஒன்றைக் கவனிங்க. ஷட்டர் பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் படம் கலங்கும். பாதி அழுத்தி, 'பீப்' என்று கேட்டதும் மீதி. மொபைலில் பழகிய பலருக்கு இது தெரியாமல் 'கேமரா ஸ்லோ' என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

புதுசு வாங்குபவருக்கு இவ்வளவு பாடு இல்லை. ஆனால் இந்தியாவில் செல்லும் வாரன்டி கார்டு, ஜிஎஸ்டி பில் இரண்டையும் கேட்டு வாங்கணும். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு விலை குறைவாக இருக்கும். கெட்டுப்போனால் இங்கே கம்பெனி வாரன்டி கிடைக்காமல் போகலாம். டைப் சி சார்ஜிங் என்று போட்டிருந்தாலும் உங்க மொபைல் சார்ஜர் அதற்கு வேலை செய்யுமா என்று கடையிலேயே செருகிப் பார்த்துடுங்க.

யாருக்கு எது?

நண்பர்களோடு சுத்தும்போது, விசேஷங்களில், அந்த ஃபிளாஷ் லுக்குக்காக மட்டும் என்றால் ஏ570 மாதிரி 2007-க்கு அப்புறம் வந்த, டபுள் ஏ செல், எஸ்டி கார்டு மாடலே போதும். பறவை, தூரத்துப் படகு என்றால் 300 வரை போகும் ஜூம் கேமரா. மேடை நிகழ்ச்சி, யூடியூப் வீடியோ, வருமானம் வரும் வேலை என்றால் 1 இன்ச் சென்சார், அதுவும் கையில் பணம் இருந்தால். ரிக்கோ ஜிஆர் 3 மாதிரி இன்னும் பெரிய சென்சார் கொண்ட சட்டைப்பைக் கேமராக்களும் உண்டு. ஆனால் அதில் ஜூமும் இல்லை, ஃபிளாஷும் இல்லை. தெருவில் நடந்தபடி படமெடுக்கும் ஆர்வலர்களுக்கானது அது.

வீட்டுக் குழந்தை, சாப்பாடு, இயற்கைக் காட்சி, ராத்திரி பஸ் ஸ்டாண்ட் என்று பொதுவாக எடுப்பவருக்கு? கையில் ஓரளவு நல்ல மொபைல் இருந்தால் எதுவும் வாங்க வேண்டாம். கடனில் வாங்கவே வேண்டாம்.

வாங்கியதை எப்படி வைத்துக்கொள்வது?

கேமராவைத் துணிப்பையிலோ தோல் உறையிலோ போட்டு பீரோவுக்குள் வைப்பதுதான் பூஞ்சைக்குக் கொடுக்கும் விருந்து. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, அதற்குள் சிலிக்கா ஜெல் பாக்கெட். நீலக் கலர் ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும், சமையலுக்கு அந்தப் பாத்திரத்தைப் பயன்படுத்தக் கூடாது. அரிசிக்குள் புதைப்பது வேலைக்காகாது, தவிட்டுத் தூள்தான் உள்ளே போகும். மாசத்துக்கு இரண்டு தடவையாவது வெளியே எடுத்து நாலு படம் எடுங்க. பயன்படுத்தாமல் வைக்கும்போது செல்லைக் கழற்றி வைங்க.

பீச் போய் வந்த அன்று லேசாக ஈரமான துணியால் உடம்பைத் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுங்க. லென்ஸை சட்டை நுனியால் துடைக்காதீங்க. உப்பும் மணலும் சேர்ந்து கீறல் விழும். ஊதிவிட்டு, கண் கண்ணாடிக்கான மெல்லிய துணியால் துடைச்சாப் போதும்.

இன்னொரு விஷயத்தை யாரும் சொல்வதில்லை. பழைய கேமராவோடு பல நேரம் பழைய மெமரி கார்டும் சேர்ந்து வரும், அதில் யாரோ ஒரு குடும்பத்தின் காதுகுத்து, வளைகாப்பு, துக்க வீடு எல்லாம் இருக்கும். 'கிடைச்சது பாருங்க' என்று அதை எடுத்து ரீல்ஸ் போடுவது தப்பு. விற்றவரைக் கேளுங்க, வேண்டுமென்றால் படங்களை அனுப்பிக் கொடுங்க, இல்லையென்றால் அழித்துவிடுங்க. நீங்க விற்கும் பக்கம் இருந்தால் கார்டைக் கொடுக்கவே கொடுக்காதீங்க. டெலிட் செய்த படங்களை மீட்க இலவச சாப்ட்வேரே இருக்கு. கேமராவின் உள்நினைவகத்திலும் சில படங்கள் தங்கியிருக்கலாம்; கார்டைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ப்ளே பட்டனை அழுத்திப் பார்த்துவிட்டு கேமராவைக் கைமாற்றுங்க.